பரிசில், பங்கு, நிதி: நலிந்த கலைஞரைத் தமிழகம் தாங்கிய வரலாறு

ஆடியும் பாடியும் நடித்தும் பிழைப்போர்க்கு வறுமை புதிதன்று. உழவனுக்கு நிலம் உண்டு. வணிகனுக்குச் சரக்கு உண்டு. கலைஞனுக்கு உள்ளது உடலும் குரலுமே. குரல் கம்மினாலும், கால் தளர்ந்தாலும், நாட்டில் மழை பொய்த்து விழா நின்றாலும் அவன் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே கலைஞரை இடர்க்காலத்தில் தாங்குவது எவர் கடமை என்னும் வினா கலையோடு உடன்பிறந்தது. இந்த வினாவுக்குத் தமிழ்ச் சமுதாயம் காலந்தோறும் வெவ்வேறு விடை கண்டிருக்கிறது. மன்னர் காலத்தில் அது பரிசிலாக இருந்தது. கோயில் காலத்தில் பங்காக இருந்தது. சங்கங்களும் அரசும் தோன்றிய பின்னர் நிதியாக மாறியது. இம்மூன்றும் ஒன்றின் மூன்று பெயர்கள் அல்ல. கொடுப்போரும் பெறுவோரும் ஒருவரையொருவர் எவ்வாறு நோக்கினர் என்பதில் இவை வேறுபடுகின்றன.

வழி சொல்லும் இலக்கியம்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலாக எஞ்சிய நான்கும் கலைஞரின் பசியைப் பற்றியவை. கரிகாற் பெருவளத்தானிடம் பொருநனை ஆற்றுப்படுத்தினார் முடத்தாமக்கண்ணியார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் சிறுபாணனை ஆற்றுப்படுத்தினார் நத்தத்தனார். தொண்டைமான் இளந்திரையனிடம் பெரும்பாணனை ஆற்றுப்படுத்தினார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். நன்னன்சேய் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தினார் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார்.

இந்நூல்களை மன்னர் புகழ் பாடுவனவாகவே கற்பது வழக்கம். அவற்றின் அமைப்பை நோக்கினால் வேறொன்றும் விளங்கும். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வெறுங்கையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் காண்கிறான். தான் பெற்ற செல்வத்தின் ஊற்று எங்குள்ளது என்று அவனுக்குச் சொல்கிறான். தனக்குக் கிடைத்ததை மறைக்கவில்லை. போட்டியாளன் என்று அஞ்சவுமில்லை. 583 அடிகளைக் கொண்ட மலைபடுகடாம் இதன் முழு வடிவம். வழியில் எவ்விடத்து இடர் உண்டு, எவ்வூரில் எவர் என்ன உணவளிப்பர், எதைக் கண்டு ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்பனவெல்லாம் அந்நூலில் உள்ளன. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோர் பெற்ற பெருவளத்தைப் பெறாதார்க்கு அறிவுறுத்தும் துறையாகவே இதனை வகுத்துள்ளது. கலைஞர் கலைஞர்க்குச் செய்யும் உதவி தமிழில் ஓர் இலக்கிய வகைக்கே அடிப்படையாயிற்று.

வறுமையின் முகத்தையும் இந்நூல்கள் மூடி மறைக்கவில்லை. சிறுபாணாற்றுப்படை காட்டும் அடுக்களையில், கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் பால் சுரவாமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைக்கிறாள். அதைச் சுற்றத்தோடு உண்ணும்முன் புறங்கூறுவோர் கண்ணில் படாதிருக்கக் கதவை அடைக்கிறாள். பசியினும் பெரிது அப்பசியைப் பிறர் காண நேரும் நாணம் என்பதை அந்த அடைத்த கதவு உணர்த்துகிறது. கலைஞர் உதவியின் வரலாறு முழுவதிலும் இக்கதவு மீண்டும் மீண்டும் தோன்றக் காணலாம்.

அந்நாணத்தை அறிந்தே பண்டைய புரவலர் கொடை அமைந்தது. பொருநராற்றுப்படையின் கரிகாலன், கிழிந்து தையல் பொருந்திய பழந்துணியைக் களையச் செய்து நல்லாடை தருகிறான், அருகிருத்தி உண்பிக்கிறான், விடைபெறும்போது ஏழடி பின்சென்று வழியனுப்புகிறான். ஆடையும் ஊனும் பசியைப் போக்கின. ஏழடி நடை நாணத்தைப் போக்கியது. இது குறைந்த இடத்தில் புலவர் பொறுக்கவுமில்லை. தம்மை நேரிற் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் காட்டுகிறது. தம் தகுதியை அறிந்து தரும் தினையளவும் இனிது என்பது அவர் நிலை. அவரே குமணன் தந்த வளத்தைப் பெற்று வந்தபோது, கேட்டவர் கேளாதவர் என்று பாராமல் எல்லார்க்கும் பகிர்ந்துகொடுக்குமாறு மனைவியிடம் கூறினார். அது அந்நூலின் 163ஆம் பாடல். பெறுவதில் மானமும் பெற்றதைப் பகிர்வதில் தாராளமும் ஒருவரிடமே விளங்கின.

பரிசில் முறையின் குறையும் தெளிவானது. அது புரவலனின் உயிரோடும் மனத்தோடும் கட்டுண்டது. வள்ளல் மாய்ந்தால் வழி அடைபடும். அடுத்த ஆண்டுக்கு உறுதி ஏதும் இல்லை.

கல்லில் எழுதிய பங்கு

அந்த உறுதியை முதன்முதலாகப் பெரிய அளவில் எழுத்தில் வைத்தவை கோயில்கள். தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டு இதற்குத் தலைசிறந்த சான்று. முதலாம் இராசராசன் சோழநாட்டுத் தளிகள் பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து, அவர்க்கெனத் தெருக்கள் அமைத்து, ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளித்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒவ்வொருவர் பெயரும், அவர் எவ்வூர்த் தளியிலிருந்து வந்தார் என்பதும், எத்தெருவில் எத்தனையாம் வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டன. நட்டுவம் செய்வோர், பாடுவோர், குழலும் வீணையும் உடுக்கையும் இசைப்போர் ஆகியோரும் பங்கு பெற்றனர். அப்பட்டியல் இசைவாணரோடு நின்றுவிடவில்லை. கணக்கர், தையற்காரர், தச்சர், கன்னார், வண்ணார், நாவிதர் என்று பின்னின்று உழைப்போர்க்கும் அதில் இடம் இருந்தது. மேடையில் தோன்றுவோர் மட்டுமே கலைஞர் அல்லர் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நிருவாகம் உணர்ந்திருந்தது. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 50 பேர்க்கு நாள்தோறும் தலைக்கு முக்குறுணி நெல் தனியே வகுக்கப்பட்டது.

இக்கல்வெட்டின் நுட்பம் அதன் இறுதிப் பகுதியில் உள்ளது. பங்கு பெற்றவர் இறந்தாலோ நாட்டை விட்டு அகன்றாலோ, அவர்க்கு அடுத்த முறையினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம். அடுத்த முறையினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பணி செய்வித்துப் பங்கைப் பெறலாம். கலைக்கும் ஊறு நேரவில்லை; கலைஞர் குடும்பத்துக்கும் ஊறு நேரவில்லை. தகுதி குன்றியதால் குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை; குடும்பத்தின் பொருட்டுத் தகுதியற்றவர் ஆடவும் வேண்டியதில்லை.

இரண்டாம் இராசேந்திரன் காலத்தில் இதே கோயிலில் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆட, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கும் அவன் வழியினர்க்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்கப்பட்டது. சாக்கைக்காணி, கூத்துக்காணி, நிருத்தபோகம் என்று பிற ஊர்களில் கூத்தர்க்கு விடப்பட்ட நிலங்களும் இவ்வகையினவே. நாடகம் நடப்பது ஆண்டில் சில நாள்; நெல் வருவது ஆண்டு முழுவதற்கும். ஆடாத நாளிலும் கூத்தன் உண்பான் என்பதை உணர்ந்து வகுத்த ஏற்பாடு இது.

இம்முறையைப் பொற்காலம் என்று புகழ்ந்து முடிப்பதும் நேர்மையாகாது. பங்கு உரிமையாக இருந்ததோடு கட்டாகவும் இருந்தது. பிறப்பும் தொழிலும் ஒன்றாகப் பிணைந்தன. பெண்டிர் வாழ்வு கோயிலுக்கும், பிற்காலத்தில் செல்வர்க்கும் கட்டுப்பட்டது. அரசுகள் மாறியபோது வருவாய் சுருங்கியது. கட்டு மட்டும் சுருங்கவில்லை.

வேர் பெயர்ந்த காலம்

1855இல் தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சிவாசி ஆண் வாரிசின்றி இறந்தார். தஞ்சை அரசு முடிவுற்றது. அரண்மனையை நம்பியிருந்த பாடகரும் நட்டுவனாரும் ஆடல் மகளிரும் வேறு புகலிடம் தேட வேண்டியவராயினர். அவருள் பலர்க்குச் சென்னைச் செல்வர் வீடுகளும் பின்னர்ச் சபைகளும் புகலாயின.

இருபதாம் நூற்றாண்டில் தேவதாசி முறை ஒழிப்புக்கான இயக்கம் எழுந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், கோயிற்பணிக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலங்களைப் பணிக்கட்டிலிருந்து விடுவித்து அந்நிலங்களை உடையோர்க்கே உரியதாக்க வழி செய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. பெண்ணின் விடுதலைக்கு இவை இன்றியமையாதவை. எனினும் கட்டு அறுந்தபோது பங்கும் அறுந்தது. நிலமில்லாது ஆடலும் பாடலுமே கைம்முதலாகக் கொண்டிருந்தோர்க்கு மாற்றுப் பிழைப்பை எவரும் வகுக்கவில்லை. பாலசரசுவதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் கற்பித்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் முதுமையில் வறுமையுற்று 1971இல் மறைந்தார். அவர் கற்பித்த கலை உலக மேடைகளில் புகழ் கொண்டிருந்த காலம் அது.

கம்பெனி வீடும் மகரக்கட்டும்

பரிசிலும் பங்கும் இல்லாத முதல் கலையுலகம் தொழில்முறை நாடகக் குழுக்களுடையது. நுழைவுச்சீட்டு விற்றால் சோறு; மழை பெய்து கொட்டகை நனைந்தால் பட்டினி. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். சிறுவர்களைக் கொண்ட இத்தகைய குழுக்கள் தமிழகமெங்கும் பெருகின. கம்பெனி வீட்டில் உணவும் உறையுளும் உண்டு, ஊதியம் சிறிது. வறுமையால் பிள்ளையை வளர்க்க இயலாத பெற்றோர் பலர் அவனைக் கம்பெனியில் சேர்த்தனர். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அவ்வாறு பாலர் குழுக்களில் வளர்ந்தவர்களே. ஒருவகையில் கம்பெனி வீடே ஓர் அறச்சாலையாக விளங்கிற்று.

அந்த அறச்சாலையின் எல்லையை ‘மகரக்கட்டு’ என்னும் ஒரு சொல் காட்டிவிடும். பருவம் வந்து குரல் உடையும் காலத்துக்கு நாடக உலகம் இட்ட பெயர் அது. நேற்றுவரை கொட்டகையை உருக்கிய ஸ்திரீபார்ட் சிறுவன் இன்று பாட இயலாதவனாகிறான். குரல் மீளுமா, எவ்வாறு மீளும் என்பதை எவரும் அறியார். அதுவரை அவனை வைத்துக் காப்பதும் ஊருக்கு அனுப்புவதும் முதலாளியின் மனத்தைப் பொறுத்தன. தஞ்சைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எண்ணிப் பார்த்த இடரை, அச்சிட்ட சீட்டோடும் காஸ்லைட்டோடும் வந்த புதிய நாடக உலகம் எண்ணிப் பார்க்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் இறுதிக் காலம் இக்குறையையும் அதனூடே விளங்கிய அன்பையும் ஒருங்கே காட்டுகிறது. சுமார் 40 நாடகங்களை இயற்றிய அவர் பக்கவாதத்தால் தாக்குண்டு பேச்சிழந்தார். மனைவி மக்கள் இல்லாத அவர்க்குக் குழுவே குடும்பமாயிற்று. 1922 நவம்பர் 13 அன்று, குழு முகாமிட்டிருந்த புதுச்சேரியில் அவர் மறைந்தார். அங்கே கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். அவரிடம் பயின்ற டி.கே.எஸ். சகோதரர்கள் வாழ்நாள் முழுவதும் அவர் பெயரைப் போற்றினர். தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் நடிப்போர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்தபோது சுவாமிகளையே தம் ஆசானாக வைத்தனர். ஆண்டுதோறும் அவர்க்குக் குருபூசை நடத்தினர். எவரும் தாங்காத தொழிலில் ஒருவரையொருவர் தாங்குவதற்கு அமைந்த கூட்டுறவு அது. ஆற்றுப்படையின் பழைய அறம் சங்கம் என்னும் புதிய வடிவில் மீண்டது எனலாம்.

பிறர்க்கு ஈட்டித் தந்த மேடை

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. தன்னைச் சேர்ந்தவர்க்கு நிதி காணாத மேடை, பிறர்க்கெல்லாம் நிதி திரட்டித் தந்தது. பள்ளிக்கூடக் கட்டடம், மருத்துவமனை, வெள்ள நிவாரணம் எதுவாயினும் முதலில் நாடப்பட்டவர் கலைஞரே. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் விடுதலை இயக்கத்துக்குப் பாடினார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காகக் கச்சேரிகள் செய்தார். சிவாஜி கணேசன் வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகத்தைப் பொதுப்பணிகளுக்கு நிதி திரட்டப் பல ஊர்களில் நடித்தார்.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இவ்வீகைக்கு இலக்கணமானவர். கேட்டவர்க்குக் கொடுத்தார், கேட்க நாணியவர்க்கும் கொடுத்தார். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி, 1947இல் விடுதலையாகும்வரை அவர் சிறையில் இருந்தார். அவர் இல்லாத நாளில் அவருடைய நாடகக் குழுவை எஸ்.வி. சகஸ்ரநாமம் நடத்தினார். பின்னர்ப் பிரிந்து சென்ற கே.ஆர். ராமசாமியும் தம் குழுவுக்குக் கிருஷ்ணன் நாடக சபா என்றே பெயரிட்டார். வாழ்நாளெல்லாம் வாரி வழங்கிய கலைவாணர் 1957 ஆகஸ்டு 30 அன்று கையில் பெரும்பொருள் இன்றியே மறைந்தார். ஒருவர் கொடைக்கைக்கு எல்லை உண்டு. அக்கை ஓய்ந்தால் அதை நம்பியவர் அனைவரும் ஒரே நாளில் ஆதரவற்றவராவர். அவர் வாழ்வு ஈகையின் உயர்வைக் காட்டியது; அவர் மறைவு ஈகை மட்டும் போதாமையைக் காட்டியது.

சங்கமும் அரசும்

1952இல் தோன்றிய தென்னிந்திய நடிகர் சங்கம் அப்போதாமையை உணர்ந்த தலைமுறையின் படைப்பு. திரைப்பட நட்சத்திரங்களோடு மாவட்ட நாடக நடிகர்களும் அதில் உறுப்பினராயினர். எம்.ஜி.ஆர். ‘நடிகன் குரல்’ என்னும் இதழை நடத்தினார். ஒருபுறம் இலட்சங்கள் ஈட்டுவோர், மறுபுறம் இரவுக்கொரு ஊரில் நடித்துப் பேருந்து நிலையத்தில் உறங்குவோர் என இரு உலகத்தை ஒரே சங்கம் இணைத்தது. 2015ஆம் ஆண்டுத் தேர்தலில் நலிந்த நாடகக் கலைஞரின் நலமே இரு அணிகளின் பேச்சிலும் முன்னின்றது. அவர் வாக்குக்கு எடை இருந்ததாலேயே அவர் வறுமைக்கும் செவி கிடைத்தது.

அரசின் பங்கும் இக்காலத்தில் தொடங்கியது. 1955இல் சென்னை மாநில சங்கீத நாடக சங்கம் என்னும் பெயரில் நிறுவப்பட்ட அமைப்பே பின்னர்த் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாயிற்று. நலிந்த நிலையில் வாழும் முதிய கலைஞர்க்கு மாதந்தோறும் நிதியுதவி அளிக்கும் திட்டத்தை அது நடத்தி வருகிறது. நடுவண் அரசு, எழுத்திலும் கலையிலும் சிறந்து வறுமையுற்றோர்க்கான உதவித் திட்டத்தை 1961இல் தொடங்கியது. 1990இல் கட்டைக்கூத்துக் கலைஞர் தாமே கூடிக் காஞ்சிபுரத்தில் தமக்கொரு சங்கம் கண்டனர். 2007இல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. அடையாள அட்டை, விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி, திருமணம், மூக்குக்கண்ணாடி எனக் கலைஞரின் அன்றாட வாழ்வுக்குரிய தேவைகளை அது கணக்கில் கொண்டது. பறையடிப்பவரும் கரகம் ஆடுபவரும் அரசேட்டில் ‘கலைஞர்’ என்று பெயர் பெற்றது சிறிய செய்தியன்று.

ஆயினும் நிதிக்கு விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்தில் வயதுச் சான்றும் வருமானச் சான்றும் கலைச் சான்றும் வேண்டும். தான் வறியன் என்பதை வரிசையில் நின்று மெய்ப்பிக்க வேண்டும். சிறுபாணாற்றுப்படையின் கிணைமகள் அடைத்த கதவை அலுவலகப் படிவம் திறக்கச் சொல்கிறது. கொடுப்பது குற்றமன்று, கொடுக்கும் முறையில் கரிகாலனின் ஏழடி இல்லை.

அந்த ஏழடி இக்காலத்திலும் இயலும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. தம் கச்சேரிகளாலும் இசைத்தட்டுகளாலும் வந்த பெரும்பொருளை அறங்களுக்கே அளித்த எம்.எஸ். சுப்புலட்சுமி, 1970களின் பிற்பகுதியில் பொருள் நெருக்கடிக்கு உள்ளானார். உதவி என்று நேரே நீட்டினால் அவர் ஏற்கார் என்பதைத் திருமலை திருப்பதி தேவத்தானத்தார் அறிந்திருந்தனர். அன்னமாச்சாரியார் கீர்த்தனைகளைப் பாடிப் பதிவுசெய்து தருமாறு அவரை வேண்டினர். அறுபது வயதைக் கடந்த அவர் புதிய பாடல்களைக் கற்றுப் பாடினார். பாலாஜி பஞ்சரத்ன மாலா என்னும் இசைத்தட்டுகள் பிறந்தன. உதவி பணியாக வந்தது, மானம் குறையவில்லை, இசையுலகுக்குச் செல்வமும் சேர்ந்தது.

விழாக்கள் நின்ற ஆண்டு

2020 மார்ச்சு இறுதியில் கொரோனாத் தொற்றின் பொருட்டு நாடு முடங்கியது. அது பங்குனி மாதம். ஆண்டின் வருவாயெல்லாம் வந்து சேரும் திருவிழாக் காலத்தின் வாயிலில் கலைஞர் நின்றிருந்தனர். வடமாவட்டங்களில் பாரதக் கூத்து நடைபெறவில்லை. தென்மாவட்டங்களில் ஸ்பெஷல் நாடகம் நடைபெறவில்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவே மக்கள் கூட்டமின்றி முடிந்தது. நாகசுரமும் தவிலும் திருமண வீடுகளை இழந்தன. 2021இலும் இடர் தொடர்ந்தது. ஏனைய தொழில்கள் ஒரு மாதத்தை இழந்தபோது கலைஞர் ஓர் ஆண்டை இழந்தனர். ஒரு பருவம் தவறினால் அடுத்த பருவம்வரை அவர்க்கு அறுவடை இல்லை.

அரசு வாரியத்தின் வழி ரொக்க உதவி அளித்தது. பாடகர் டி.எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை கலைஞர்க்கெனத் தனி நிதி திரட்டி வழங்கியது. ஊர் தோறும் சிறு குழுக்களும் இரசிகர்களும் அரிசியும் மளிகையும் கொண்டு சேர்த்தனர். அந்நாளில் பெரிதும் பயன்பட்டது எவர் எங்கே இருக்கிறார், எவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்னும் செய்தி. அச்செய்தியைத் தந்தவர் பெரும்பாலும் சக கலைஞரே. பெயர் பதிந்தவர்க்கு உதவி சென்று சேர்வது எளிதாயிற்று. பதியாதவரைக் கண்டு காட்ட மற்றொரு கலைஞரின் சொல் தேவைப்பட்டது. பாணன் பாணனுக்கு வழி சொன்ன பழைய மரபு, கைபேசி வழியே மீண்டும் நடந்தது.

வரலாறு தரும் அளவுகோல்

ஈராயிரம் ஆண்டுக் கதையிலிருந்து மூன்று செய்திகள் தெளிகின்றன. பரிசிலில் மதிப்பு இருந்தது, உறுதி இல்லை. பங்கில் உறுதி இருந்தது, விடுதலை இல்லை. நிதியில் விடுதலை இருக்கிறது. உறுதி ஓரளவே இருக்கிறது. மதிப்போ கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தே இருக்கிறது. இம்மூன்றையும் ஒருங்கே தரும் முறை இன்னும் தமிழகத்தில் அமையவில்லை.

அமையும்வரை, இடையில் உள்ளோர் கடமை பெரிது. பெருஞ்சித்திரனார் தம் மனைவிக்குச் சொன்னது நெடிய கொள்கையன்று. வீட்டில் இருப்பதை இன்றே பகிர்க என்பதே. நன்னனின் ஊருக்கு வழி சொன்ன கூத்தனிடம் கொடுப்பதற்குத் தனி நிதியம் ஏதும் இல்லை. அவன் அறிந்த வழி ஒன்றே இருந்தது. எதிரே வந்தவன் பசித்த முகத்தைக் கண்டு நின்றான். தான் நடந்து வந்த வழியைச் சொன்னான். அவன் சொன்ன வழியே நூலாயிற்று.